வரியில்லாமல் வந்த கதவு

வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்த வாரம், எல்லைச் சாவடியில் வெங்காயம், சிமெண்டு, சைக்கிள் டயரோடு சுங்க அதிகாரியம்மாவின் புருஷனும் ஒரு கதவாக வந்து இறங்கினார். வெங்காயம் அன்றைக்கே பாதி விலைக்கு வந்துவிட்டது.

அவர் தச்சர், எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். தாயாரைப் பார்க்கப் போயிருந்த சமயத்தில் இங்கே அரசியல் சாசனத்தை முடக்கி, எல்லையையும் இழுத்துப் பூட்டிவிட்டார்கள். வருஷக்கணக்காயிற்று. மறுகல்யாணம் பண்ணிக்கொள்ளச் சொன்ன அண்ணனோடு அதிகாரியம்மா பேச்சையே நிறுத்திவிட்டார். ஒருவழியாகச் சாசனம் திரும்பியது, தேர்தல் வந்தது, அண்டை நாடுகளோடு வரியில்லா வணிகமும் வந்தது. சரக்கு தாராளமாகப் போய்வரலாம். மனுஷர்கள் சமாச்சாரத்தை அடுத்த சுற்றுப் பேச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். தச்சருக்கு அதற்கு மேல் பொறுமையில்லை. ஒப்பந்தப்படி, வெட்டிய மரத்துக்கு ஈடாக மூன்று கன்று நட்டால் மரச்சாமானுக்கு வரி கிடையாது. அவர் மூன்று கன்றை நட்டுவிட்டு, முறைப்படி கதவாகிவிட்டார்.

அதிகாரியம்மா தடவிப் பார்த்தார். "ரொம்ப இளைச்சிட்டீங்களே" என்றார்.

"அங்க எண்ணெய் போட ஆளில்லையே" என்றது கதவு.

முத்திரை குத்தி வீட்டுக்கு அனுப்பி, வாசலில் மாட்டச் சொன்னார். சாயங்காலம் ஆனால் இருவரும் பேச்சும் சிரிப்புமாக இருந்தார்கள். அது பக்கத்து வீட்டு வக்கீலுக்குப் பொறுக்கவில்லை. பேசுகிற கதவு சரக்கா, ஆளா என்று வழக்குப் போட்டார். ஆள் என்று தீர்ப்பானால் சாசனம் தருகிற பேச்சுரிமை முதற்கொண்டு எல்லாம் உண்டு. ஆனால் அனுமதியில்லாமல் வந்த ஆள் என்பதால் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கதவை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் நீதிமன்றச் சுவரில் சாத்தி வைத்தார்கள்.

"சாசனத்து மேல சத்தியமா சொல்லுங்கம்மா, இது உங்க வீட்டுக்காரரா?" என்றார் நீதிபதி.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அதிகாரியம்மா பொய் சொன்னதில்லை. கதவு கேட்டுக்கொண்டிருந்தது.

"கதவுங்க ஐயா. வெறும் கதவு."

சரக்குதான் என்று தீர்ப்பாகி, கதவு வீட்டு வாசலுக்கே திரும்பியது. அன்றோடு அது வாயை மூடிக்கொண்டது. கோபமா, தீர்ப்புக்குக் கட்டுப்பட்டதா, தெரியவில்லை. அதிகாரியம்மா கெஞ்சிப் பார்த்தார், அழுது பார்த்தார், சாப்பிடாமல் கிடந்தும் பார்த்தார். அந்தக் குரலுக்காக ஏங்கியே தலை நரைத்தது. பிறகு அடுத்த சுற்றுப் பேச்சு முடிந்து, எல்லை மனுஷர்களுக்கும் திறந்தது. பஸ் பஸ்ஸாக ஊரார் வீட்டுப் புருஷன்மார்கள் வந்து இறங்கினார்கள். அதிகாரியம்மா சாவடியிலிருந்து ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்.

"ஏங்க, இனிமே நீங்க ஆளுன்னு சொல்லிக்கலாங்க. யாரும் அனுப்ப மாட்டாங்க."

கதவு கதவாகவே நின்றது.

இப்போது இரவானால் அதிகாரியம்மா வாசலோரம் பாயை விரித்து, கதவில் முதுகை ஒட்டிப் படுத்துக்கொள்கிறார். அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் பின்பக்க வழியாக வருகிறார்கள்.