மூன்று விசிலுக்கு ஒரு பதில்

மலையில் காணாமல் போன மெர்வின், பதினோராம் நாள் காலையில் இரும்புலியூரில் தன் வீட்டுக் குக்கரில் விசிலடித்தான். குக்கர் அடுப்பில் இல்லை. கழுவிக் காலியாக அலமாரியில் இருந்தது. அதன் வெயிட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. காலை ஏழுக்கு மூன்று விசில், ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு மூன்று. மாலை ஐந்துக்கும் அப்படியே. முதல் இரண்டு நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை, ஏனென்றால் அந்தத் தெருவில் மூன்று விசில் என்றால் சோறு வெந்துவிட்டது என்றுதான் அர்த்தம். மாடியில் குடியிருக்கும் கீதா மட்டும் எட்டிப் பார்த்து, "அக்கா, மூணு விசில் வந்துடுச்சு, கேஸை ஆஃப் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அழுது களைத்திருந்த அவன் அம்மா சரோஜினி டீச்சரும் எழுந்து போய், எரியாத அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

மெர்வின் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர். லீவு நாட்களில் ஆபீஸ்காரர்களைக் கூட்டிக்கொண்டு மலையேறப் போவான். நனைந்த சுள்ளியைச் சீவி, உள்ளே காய்ந்திருக்கும் பாகத்தில் தீ மூட்டுவது, ஓடை மணலை விட்டு மேட்டில் கூடாரம் போடுவது எல்லாம் சொல்லிக்கொடுப்பான். வழி தவறினால் நடக்காதே, உட்கார், மூன்று விசில் ஊது, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி மூன்று என்பான். கேட்டவர் பதிலுக்கு ஒரு விசில் ஊதினால், கேட்டுவிட்டது, வருகிறோம், அங்கேயே இரு என்று பொருள். மூன்று நாள் பதிலே இல்லையென்றால்தான் எழுந்து ஓடையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க வேண்டும். நவம்பர் மழையில் ஜவ்வாது மலையில் ஸ்ம்ருதி என்ற பெண் பின்தங்கிவிட, அவளைத் தேடித் திரும்பிப் போனான். அவள் வேறு வழியாக இறங்கி வந்துவிட்டாள், அவன் வரவில்லை. ஒன்பது நாள் தேடியவர்களுக்கு ஒரு பாறையடியில் சீவிய சுள்ளியும் சாம்பலும்தான் கிடைத்தன. பிள்ளை எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தான்.

சரோஜினி கணக்கு டீச்சராக இருந்தவர். விசில் தொடங்கிய மூன்றாம் நாள் கடிகாரத்தைப் பார்த்து, இடைவெளி சரியாக ஒரு நிமிஷம் என்று கண்டுபிடித்தார். மகன் மேசையிலிருந்த விசிலை எடுத்து வந்து அலமாரியின் முன் நின்று ஒருமுறை ஊதினார். குக்கர் சமாதானமானது. அதிலிருந்து தினம் இரண்டு வேளை பதில் கொடுத்தார். குரோம்பேட்டையில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. பாஸ்டர் நினைவு ஆராதனைக்குத் தேதி கேட்டபோது, உயிரோடு பேசுகிற பிள்ளைக்கு எதற்கு என்று அனுப்பிவிட்டார். இப்படி நான்கு மாதம் போனது.

ரயில்வேயில் ஓய்வுபெற்ற அவர் கணவர் தேவானந்தம் அதிகம் பேசாதவர். ஒரு சாயங்காலம் அவர்தான் சொன்னார்: "சரோ, ஒரு விசில்னா வர்றோம், அங்கேயே இருன்னு அர்த்தம். நாம எங்கம்மா போகப்போறோம்? குளிர்ல அவனை உட்கார வெச்சிருக்கோம்."

இரண்டு நாள் டீச்சர் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் விசிலை அவர் கையில் கொடுத்துவிட்டார். அன்று காலை பதில் வராததால் குக்கர் விடாமல் ஊதியது, மத்தியானம்வரை ஊதியது. மறுநாள் கீதா மாடியிலிருந்து இறங்கி வந்து, "ஒரே ஒரு தடவை ஊதிடுங்கக்கா, கேட்க முடியல" என்று அழுதாள். டீச்சர் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பெற்ற வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று எழுத எனக்குத் தெம்பில்லை. பதில் நின்ற மூன்றாம் நாள் விசில் மெலிந்தது, ஆனாலும் கணக்குத் தப்பவில்லை.

நான்காம் நாள் ஏழு மணிக்குச் சத்தமில்லை. ஐந்துக்கும் இல்லை.

"கிளம்பிட்டானா?" என்று தேவானந்தம் கேட்டார்.

"இறங்கிட்டான்ங்க" என்றார் டீச்சர்.

அடுத்த ஞாயிறு நினைவு ஆராதனைக்குத் தெருவே போயிருந்தது. பால்காரர்வரை எல்லோரும், டீச்சர் மகன் ஒருவழியாக மலையிலிருந்து இறங்கிவிட்டான் என்றுதான் பேசிக்கொண்டார்கள். எங்கே போய்ச் சேர்ந்தான் என்று யாரும் கேட்கவில்லை.