உள்ளேயே இருந்துவிட்ட குட்டி

சந்தாபுராவில் சாலமன் வளர்த்த செம்மறி ஆடு, ஏப்ரல் மாதத்து மதியம் ஒன்றில் குட்டி போட நின்றது. குட்டி முன்னங்கால்களையும் தலையையும் வெளியே நீட்டி, சுற்றுமுற்றும் பார்த்து, ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு, வந்த வழியே உள்ளே போய்விட்டது. அன்றைக்கு வெயில் முப்பத்தெட்டு டிகிரி. தகரக் கூரைக்குக் கீழே எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை.

அந்தக் கூரை மொட்டை மாடியில் இருந்தது. சாலமன் தங்கவயல்காரர், சுரங்கம் மூடும்வரை உள்ளே இறங்கி வேலை செய்தவர். கீழே போகப் போகச் சூடு என்பது அவருக்கு வேதவாக்கு; அடி ஆழத்துப் பாறையில் அவர் கை வெந்திருக்கிறது. அதனால் வீட்டுக்குப் பின்னால் வேப்பமர நிழலும் ஈரத்தரையும் சும்மா கிடக்க, பன்னிரண்டு ஆடுகளையும் படியேற்றி மேலே கட்டினார். பக்கத்து வீட்டு முனிகிருஷ்ணன் கீழேயே கட்டச் சொல்லிப் பார்த்தார். தங்கவயல்காரரிடம் சூட்டைப் பற்றிப் பேசி யார் ஜெயிப்பது? மூன்று கோடையில் ஆடுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின, தீவனத்தைத் தொடவில்லை, எடை ஏறவில்லை. கிடா பெட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்த வாரங்களிலும் சினை நிற்கவில்லை. தப்பிப் பிறந்த குட்டிகள் பூனைக்குட்டி அளவே இருந்து பத்து நாளில் போயின. பெரிய ஆடுகளும் ஒவ்வொன்றாகச் செத்து, கடைசியில் மிஞ்சியது இந்த ஒரு பெட்டையும் அதன் வயிற்றில் இருந்த குட்டியும்தான்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் நிருபமா வந்து தெர்மாமீட்டர் வைத்தார். நூற்றாறு ஃபாரன்ஹீட் காட்டியது.

"மேல கட்டினதுதான் தப்பு அண்ணா. தாய்க்கு இவ்ளோ சூடு இருந்தா உள்ள குட்டி எப்படி வளரும்?"

சாலமன் அன்றே ஆட்டைத் தோளில் சுமந்து வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தார். அதற்குள் பின்பக்கத்து மனையில் ஆறு மாடிக் கட்டடம் எழும்பியிருந்தது. அதன் ஏசி பெட்டிகள் முப்பதும் மரத்தடியைப் பார்த்துச் சூடாக ஊதின.

ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். இதற்கு முப்பத்தொன்று ஆனது. மழை பெய்யும் நாளில் குட்டி தலையை நீட்டும். சாலமனின் மனைவி எலிசபெத் ஈரத்துணியால் முகம் துடைத்துப் பால்புட்டியை வைப்பார். வெயில் வந்ததும் போய்விடும். முதலில் தேங்காய் அளவு இருந்த தலை ஒவ்வொரு கோடைக்கும் சிறுத்து எலுமிச்சை அளவுக்கு வந்தது. தாய்க்கு விலா எலும்பெல்லாம் தெரிந்தது.

இப்படியே விட்டால் தாய் செத்துவிடும் என்றார் நிருபமா. ஜூன் மாதத்து முதல் மழைக்குக் குட்டி எட்டிப் பார்த்தபோது கழுத்தைப் பிடித்துவிட்டார். இரண்டு விரலே போதுமாக இருந்தது. சாலமன் அவர் கையை மெல்லத் தொட்டார்.

"இழுத்துட்டு எங்க வெக்கறது மேடம்?"

நிருபமா மாடித் தகரத்தைப் பார்த்தார், ஏசி பெட்டிகளைப் பார்த்தார், மழை நின்று ஆவி கிளம்பிய தார் ரோட்டைப் பார்த்தார். பிறகு விரல்களை விட்டார். குட்டி அவசரமில்லாமல் உள்ளே போனது.

ஆடு இப்போதும் சினையாகத்தான் இருக்கிறது. தெருவில் யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. காலையில் எலிசபெத் அதன்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, வயிற்றில் கை வைப்பார்.

"ஒதைக்குதா?" என்று சாலமன் கேட்பார்.

"ஒதைக்குது. நேத்து அளவுக்கு இல்ல."

சாலமன் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போவார்.