அவர் மேல் விழும் மண்

அண்ணன் கொண்டுவந்த கோடித் துணியைச் செல்லக்கிளி கையால் தொடவில்லை.

வாசல் பந்தலில், மர பெஞ்சின்மேல் அவள் புருஷன் ஆண்டிச்சாமி கிடந்தான். குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, தாடையைக் கட்டியாயிற்று. இனிப் பெண்டாட்டியின் பிறந்த வீட்டிலிருந்து வரும் புது வேட்டி மேலே விழுந்தால் தூக்க வேண்டியதுதான். வேட்டியைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு சிவனாண்டி தங்கச்சி முன்னால் நின்றான். ஒப்பாரி வைத்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள்.

"உசுரோட இருக்கையில அவரு மேல சேத்த வாரி எறிஞ்ச. இப்பத் துணி போத்த வந்திருக்கியாண்ணே" என்றாள்.

சிவனாண்டி தலையைக் குனிந்தான். அவள் சேறு என்றது ஒரு சொல்லை. திருவாதவூர் டீக்கடையில், பத்துப் பேர் நடுவில் அவன் சொன்ன சொல் அது. "ஓசியாக் கெடைச்ச சீட்டுக்கு ஊரையே வித்துட்டான் எங்க மாப்ள." அந்தச் சொல் அன்று பொழுது சாய்வதற்குள் ஆண்டிச்சாமியின் காதுக்கு வந்துவிட்டது. வராமல் இருக்குமா? நல்ல சொல்லைக் கொண்டுவரத்தான் ஊரில் ஆள் கிடையாது.

சங்கதி இதுதான். போன வருஷம் மதுரையிலிருந்து சாய்குமார் என்ற கம்பெனிக்காரர் பைக்கில் வந்தார். தர்பூசணிப் பாத்தியில் களை முளைக்காமலும் ஈரம் காயாமலும் இருக்க, கறுப்புப் பிளாஸ்டிக் சீட்டு விரிப்பது அதற்கு முன்பே வந்துவிட்டது. அறுப்பு முடிந்ததும் அதைச் சுருட்டி எடுக்கும் வேலைதான் பெரிய இழவு. இவர் கொண்டுவந்த சீட்டை எடுக்கவே வேண்டாமாம். அப்படியே உழுதுவிட்டால் மக்கி மண்ணாகிவிடுமாம். ஆண்டிச்சாமி தோட்டம்தான் ஊருக்குக் காட்டும் மாதிரித் தோட்டம் என்று சொல்லி, அவனுக்கு மட்டும் சீட்டை இனாமாகக் கொடுத்தார். வரப்போரத்தில் ஒரு தகரப் பலகை நட்டு, அதில் அவன் பேரையும் எழுதினார்.

அந்தப் பலகையில்தான் கெட்டது குடி. ஆண்டிச்சாமியின் அப்பன் சாகிற வரைக்கும் அடுத்தவன் வயலில் குனிந்த ஆள். அந்தத் தெருவில் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வாங்கிய முதல் ஆள் ஆண்டிச்சாமி. தன் மண்ணில் தன் பேர் எழுதி நின்றதும் மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. போகிறவன் வருகிறவனை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினான். "ரெண்டு மழை போதும், மண்ணாப் போயிரும். என்னைய நம்பு" என்றான். அவன் வாக்கை நம்பி ஊரில் பாதிப் பேர் அந்தச் சீட்டை விரித்தார்கள். சிவனாண்டியும் விரித்தான்.

காய்ப்பில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு பழமும் ஒரு குடம் மாதிரி இருந்தது. அறுத்தார்கள், உழுதார்கள், மழையும் பெய்தது. சீட்டு மண்ணாகவில்லை, சில்லாயிற்று. நகம் அளவுக்கு ஒடிந்தது. அடுத்த உழவில் உளுந்து அளவுக்கு ஒடிந்தது. பழைய சீட்டாவது இழுத்தால் கையோடு வந்தது. இது மக்கவும் இல்லை, எடுக்கவும் வரவில்லை. எந்தப் பக்கம் மண்வெட்டியைப் போட்டாலும் கறுப்பு மின்னியது. கேட்டதற்கு இன்னொரு மழை பெய்யட்டும் என்றார் சாய்குமார். ஊர் ஆண்டிச்சாமியோடு பேச்சை நிறுத்தியது.

அவனாவது கம்பெனியைத் திட்டித் தீர்த்திருக்கலாம். செய்யவில்லை. சொன்னது தன் வாய், அதனால் பொய்யும் தன்னுடையது என்று நினைத்துவிட்டான். ஊர் அடங்கிக் கிடக்கும் உச்சி வெயிலாகப் பார்த்து, ஓர் உரச்சாக்கோடு தோட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். அரிசியில் கல் பொறுக்குவது போலச் சில்லுகளைப் பொறுக்குவான். ஒன்றரை ஏக்கரையும் கையால் பொறுக்கிவிடலாம் என்று நினைத்தானே அந்தக் கிறுக்கன், அதை நினைக்க நினைக்கத்தான் செல்லக்கிளிக்கு நெஞ்சு கொதித்தது. நேற்றும் அப்படித்தான் போனான். கஞ்சி கொண்டுபோனவள் அவன் ஒருக்களித்துக் கிடப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் சாக்கு பாதி நிறைந்திருந்தது. வெயிலாகவும் இருக்கலாம், நெஞ்சாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். இரண்டும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

கோடி விழாமலே பிணம் கிளம்பியது. ஊர் முணுமுணுத்தது. "நேரமாகுதும்மா" என்று மகன் முத்திருளன்தான் கெஞ்சி எடுக்கவைத்தான். அவன் அவனியாபுரத்தில் பட்டறை வேலை செய்கிறவன், இந்த வழக்கு வம்பெல்லாம் அவனுக்குப் புரியாது. சிவனாண்டி தாம்பாளத்தை யாரிடமோ கொடுத்துவிட்டு, வேட்டியை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசி ஆளாக நடந்தான்.

தெருமுனையில் பெண்கள் நின்றுவிட்டார்கள். அதற்கு மேல் பெண்கள் போகிற வழக்கமில்லை. செல்லக்கிளி நிற்கவில்லை. அவள் போவது சுடுகாட்டுக்கா என்ன? தன் தோட்டத்துக்குப் போகிறாள். செத்தால் தன் மண்ணில் புதைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான் ஆண்டிச்சாமி. அவளைத் தடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

பலகைக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தார்கள். சாய்குமார் ஏற்கெனவே வந்து, கையில் ரோஜா மாலையோடு ஒதுங்கி நின்றார். ஆண்டிச்சாமியை இறக்கினார்கள். முத்திருளன் முதல் பிடி மண்ணை அள்ளினான்.

"போடாத" என்றாள் செல்லக்கிளி.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் மண் குவியலைக் காட்டினாள். குழியிலிருந்து வாரிப் போட்ட செம்மண்ணின் ஊடாக, மாலை வெயிலில் கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள் மினுங்கின. வெட்டியவர்களுக்கு அது முன்பே தெரியும், வாயைத் திறக்கவில்லை.

"எந்தக் குப்பையப் பொறுக்கிப் பொறுக்கிச் செத்தாரோ, அதையே அவரு மேல கொட்டுவீங்களா?"

சாய்குமார் மாலையைக் கை மாற்றிக்கொண்டு முன்னால் வந்தார். பாவம், சமாதானம் சொல்வதாக நினைப்பு. வெயில் பட்டு ஒடிந்து ஒடிந்து, போகப்போகக் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும், அதைத்தான் மக்குவது என்று சொல்கிறார்கள் என்றார்.

"கண்ணுக்குத் தெரியலைன்னா மண்ணுல இல்லேன்னு ஆயிருமா சார்?"

"எனக்கும் அப்படித்தாம்மா சொல்லிக் குடுத்தாங்க" என்றார் மெதுவாக.

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய. அந்தா நிக்கிறாகள்ல, அவுகளுக்குக் கேக்கட்டும்."

சாய்குமார் ஊர் ஆட்களைப் பார்த்தார். நாங்கள் சொன்னதைத்தான் ஆண்டிச்சாமி சொன்னார், அவர் பேரில் ஒரு தப்பும் கிடையாது என்றார். குரல் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. உயிரோடு இருக்கும்போது ஒரு நாள், இதே சொல்லை அந்த டீக்கடையில் வந்து சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று செல்லக்கிளிக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஒரு சில்லு இருந்தாலும் போட விட மாட்டேன். அவரு ஒடம்புல படுற மண்ணாவது சுத்தமா இருக்கணும்" என்றாள்.

பொழுது சாய்கிறது என்று யாரோ முனகினார்கள். முத்திருளன் குவியல் ஓரத்தில் குந்திப் பொறுக்கத் தொடங்கினான். செம்மண்ணுக்குள் கறுப்பு ஒளிந்து ஒளிந்து போக்குக் காட்டியது. ஒன்றை எடுத்தால் கீழே இரண்டு கிடந்தன.

அப்போது சிவனாண்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கக்கத்திலிருந்த புது வேட்டியை உதறித் தரையில் விரித்தான். ஒரு மண்வெட்டி மண்ணை எடுத்து அதன்மேல் பரப்பினான். வெள்ளைத் துணியில் ஒவ்வொரு சில்லும் எறும்பு மாதிரித் தனித்தனியாகத் தெரிந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து பொறுக்கினான். அதைப் பார்த்து இன்னொருவர் உட்கார்ந்தார். பிறகு அந்தச் சீட்டை விரித்தவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். சாய்குமார் மாலையை வரப்பில் வைத்துவிட்டு, பேண்ட்டை முட்டிக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தார்.

செல்லக்கிளி உட்காரவில்லை. பலகையைப் பிடுங்கச் சொன்னாள். அதைக் கவிழ்த்துப் போட்டு, பொறுக்கிய சில்லுகளை அதன்மேல் போடச் சொன்னாள். பிறகு ஆண்டிச்சாமியின் சாக்கைக் கொண்டுவரச் செய்து, அதிலேயே கொட்டி வாயைக் கட்டி, சாய்குமாரின் பைக்கில் ஏற்றச் சொன்னாள்.

"கொண்டு போங்க சார். ஒங்க கம்பெனி வாசல்ல பொதைச்சு வையுங்க. மக்குனதும் வந்து சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். வேறு என்ன செய்வார்.

மண் தயாரானதும் முத்திருளன் ஒரு பிடி அள்ளிக் குழிப்பக்கம் திரும்பினான். செல்லக்கிளி அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். மூடிய விரல்களைப் பிரித்து, மண்ணை ஆள்காட்டி விரலால் கிண்டிப் பார்த்தாள். உள்ளங்கை ஓரத்தில் ஒரு சில்லு இருந்தது. எடுத்துத் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, அவன் விரல்களைத் திரும்ப மூடினாள். அவன் போட்டான். அடுத்தவரும் கையை விரித்துக் காட்டினார். அதற்கடுத்தவரும் காட்டினார்.

கடைசியாகச் சிவனாண்டி வந்தான். கையில் அள்ளிவரவில்லை. வேட்டியின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து, மண்ணோடு தூக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றான். வெள்ளை வேட்டி செம்மண் நிறமாகிவிட்டிருந்தது. அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. துணிக்குள் கையை விட்டு நெடுநேரம் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. மறுபடியும் துழாவினாள்.

பிறகு அதிலிருந்து ஒரு பிடி அள்ளினாள்.