குதிரைக்குக் களைப்பு

இந்தக் கோடையில் தொக்தோசுனின் குதிரைக்குச் சீக்கிரமே களைப்பு வந்தது. மேய்ச்சல் மேட்டுக்கு அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்போது வளைவுக்கு வளைவு நிற்பார். "குதிரைக்கு மூச்சு வாங்குது" என்பார். குதிரை தலையைத் தாழ்த்திப் புல்லைத் தேடும். அவர் வாயைத் திறந்து காற்றை இழுத்துக்கொண்டிருப்பார். பின்னால் வரும் புருலை கணவனைப் பார்க்காமல் எதிர்மலையைப் பார்ப்பாள். அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து பல விஷயங்களை இப்படித்தான் பேசித் தீர்த்திருந்தார்கள்.

ஆனி மாதக் கடைசியில் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். காற்று குறைந்த உயரத்தில் வாழ்பவர்களின் நுரையீரலும் இதயமும் என்ன பாடுபடுகின்றன என்று பார்க்க வேண்டுமாம். பெட்டிக்குள் அடங்கும் ஸ்கேன் கருவி ஒன்றையும், அதற்கு மின்சாரம் தர உறுமும் எந்திரம் ஒன்றையும் குதிரைமேல் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஜிபார் என்ற இளம் டாக்டர் கம்பளிக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து மேய்ப்பர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். சட்டையைக் கழற்றி இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். அவள் நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைத்து அழுத்துவாள்.

"ரொட்டிக்கு வெண்ணெய் தடவுற மாதிரி தடவுது பொண்ணு" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தான் எசெங்குல். தொக்தோசுனுக்கு அடுத்தபடியாக யாக் மாட்டு மந்தையைப் பார்த்துக்கொள்பவன் அவன்.

"என்ன சொன்னாங்க?" என்றார்கள் வெளியே நின்றவர்கள்.

"இதயம் சின்னதா, கச்சிதமா இருக்காம். நல்லாருக்காம்."

அடுத்துப் போனவர் தொக்தோசுன். டாக்டர் திரையை வெகுநேரம் பார்த்தாள். மருத்துவம் முழுவதையும் ரஷ்ய மொழியில் படித்தவள். வீட்டு மொழியில் நோயைச் சொல்ல அவளுக்கு வார்த்தை சட்டென்று வராது. மூத்தவரை அழைக்கும் 'பைக்கே'யோடு, பயமுறுத்தாத வார்த்தையாகத் தேடி எடுத்தாள்.

"பைக்கே, உங்க இதயம் பெருசா இருக்கு. வலது பக்கம் ரொம்பவே."

அந்த ஊரில் இதயமுள்ளவன் என்றால் தைரியசாலி. தொக்தோசுன் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டார். இரண்டு கைகளாலும் அவள் கையைப் பற்றி நன்றி சொன்னார். அவள் மிச்சத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வெளியே போயிருந்தார்.

"பெருசாம்" என்றார் வெளியே நின்றவர்களிடம். அதுவே போதுமாயிருந்தது.

அன்று சாயங்காலம் கிமிஸ் என்னும் புளித்த குதிரைப்பால் கிண்ணம் சுற்றிவந்தபோது முதல் கிண்ணம் அவருக்குப் போனது. எசெங்குலுக்குக் கடைசிக் கிண்ணம் போனது.

"ஆட்டுக்குட்டிக்கு அளவாக் குடுங்கப்பா, கச்சிதமான ஆளு" என்றான் ஒருவன்.

எசெங்குல் மறுநாள் காலையில் டாக்டரின் கூடாரத்துக்குப் போய், வலதுபக்கம் திரும்பிப் படுத்தால் பெரிதாகத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றாள். மேலே பனியாற்றோரம் போய்ப் பார்த்தால்? அங்கேயும் தெரியாது, உங்களுக்கு மலை ஒத்துப்போகிறது என்றாள். அவன் சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றியது. அவனோ தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினான்.

அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்பது ஜிபாருக்குப் புரிந்தது. நேரே புருலையைத் தேடிப் போனாள். புருலை தயிர் உருண்டைகளை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வாரம் மந்தையை இன்னும் மேல ஓட்டிட்டுப் போறாங்களாமே. அவர் போகக் கூடாது. உடனே கீழ எறங்கணும். மேல போனா திரும்பி வராமப் போகலாம்."

புருலை கையிலிருந்த உருண்டையை வைத்தாள். அது மற்றவற்றோடு வரிசையாக இல்லை. நகர்த்திச் சரி செய்தாள்.

"டீ குடிக்க வாங்க. அவர்கிட்டயே சொல்லுங்க" என்றாள்.

டீ ஊற்றிய பிறகு டாக்டர் சொன்னாள். காற்று குறைந்தால் நுரையீரலுக்குள் இருக்கும் ரத்தக் குழாய்கள் இறுகிக்கொள்ளும். இறுகிய குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ளுவது இதயத்தின் வலதுபக்கத்தின் வேலை. தள்ளித் தள்ளி அது முதலில் தடிக்கும். பிறகு முடியாமல் தளர்ந்து வீங்கும்.

"அப்போ பெருசு இல்லையா?" என்றார் தொக்தோசுன்.

"பெருசுதான், பைக்கே. அதுதான் வியாதி."

"எசெங்குல்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லாதீங்க. நான் மேலதான் போவேன்."

ஜிபார் அவர் காலைக் காட்டச் சொன்னாள். பூட்ஸ் கழல மறுத்தது. புருலை இழுத்துக் கழற்றினாள். டாக்டர் கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்திவிட்டு எடுத்தாள். விரல் போய்விட்டது, குழி அங்கேயே இருந்தது.

தொக்தோசுன் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

போன வருஷம் கீழே இருக்கும் நாரின் ஊரிலிருந்து ஒரு புள்ளிக் கறவைப் பசுவை வாங்கி வந்திருந்தார். யாக் பால் மட்டும் போதாது என்று அவருக்கு ஓர் எண்ணம். கோடை முடிவதற்குள் பசுவின் தாடையும் முன்நெஞ்சும் வீங்கித் தொங்கின. அதை அழுத்தினால் இதே குழிதான் விழுந்தது. கீழே இறக்கிவிடலாம் பைக்கே, பொழைச்சுக்கும் என்று எசெங்குல் இரண்டு தரம் சொன்னான். அவர் கேட்கவில்லை. அறுக்க வேண்டியதாயிற்று. இதயத்தை வெளியே எடுத்தபோது அதன் வலதுபக்கம் பழைய தோல்பை மாதிரி தொளதொளவென்று கிடந்தது. அதைத் தூக்கிப் பிடித்து, "பாருங்கடா, எவ்ளோ தைரியசாலிப் பசு!" என்றவர் அவர்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது அவர் கிண்ணத்து டீயில் ஆடை படர்ந்தது. புருலை அதை மாற்றவில்லை.

"யாக்குக்கு மட்டும் ஏன் வரதில்ல?" என்று கடைசியில் கேட்டார்.

"அது தலைமுறை தலைமுறையா இங்கயே இருக்கிற இனம். அதோட குழாய் அவ்வளவா இறுகாது. மனுஷங்கள்லயும் சிலர் யாக் மாதிரி. சிலர்..." டாக்டர் வார்த்தையைத் தேடினாள்.

"பசு மாதிரி" என்றார் அவர்.

டாக்டர் டீயைக் குடித்தாள்.

"நானும் இங்கதானே பொறந்தேன்? எங்கப்பனும் இங்கதான்."

"தெரியும். ஏன் சிலருக்கு மட்டும்னு எங்களுக்கு இன்னும் சரியாத் தெரியல. அதைத் தெரிஞ்சுக்கத்தான் பெட்டியத் தூக்கிட்டு அலையறோம்."

அது நியாயமான பதில் என்று அவருக்குப் பட்டது. உதவியான பதில் என்று படவில்லை.

விடிந்ததும் எசெங்குலைத் தேடிப் போனார். அவன் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். அவர் பக்கத்தில் நின்றார். கயிறு பாதி முறுக்கி முடியும்வரை நின்றார்.

"மந்தைய நீ ஓட்டிட்டுப் போ."

"நீங்க?"

"என் இதயத்துக்கு இந்த மலை எடம் பத்தலயாம். விரிஞ்ச எடமாப் பாத்துப் போகச் சொல்றாங்க."

முந்தாநாள் கிண்டலுக்கெல்லாம் பதில் சொல்ல எசெங்குல் இரவு முழுக்க யோசித்து நல்ல வாக்கியங்கள் வைத்திருந்தான். ஒன்றை எடுத்துவிட வாயைத் திறந்தான். அப்போது அவன் கண் அவர் கால்களில் விழுந்தது. பூட்ஸ் இல்லை. அளவு பெரிய ரப்பர் செருப்பில் வீங்கிய பாதம் பிதுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பசுவை அறுக்கும்போது காலைப் பிடித்திருந்தவன் அவன்.

வாயை மூடிக்கொண்டான். கயிற்றைச் சுருட்டினான்.

"நமக்கு இருக்கிறது சின்னதுதான்" என்றான். "ஆனா பாத்துக்குவேன், பைக்கே. நீங்க போங்க."

அன்றே இறங்கினார்கள். சம்பந்தி வீடு கீழே, பாப்ளர் மரங்கள் நிற்கிற ஊரில். குதிரைமேல் அவர் உட்கார்ந்திருந்தார், புருலை கடிவாளத்தைப் பிடித்து முன்னால் நடந்தாள். இடையில் ஒரு மேய்ச்சல் குடும்பத்தோடு தங்கினார்கள். அந்த வீட்டுக்காரர் ஏன் கோடை நடுவிலேயே இறங்குகிறீர்கள் என்று கேட்டார். தொக்தோசுன் குதிரையைக் கைகாட்டினார். "களைப்பு" என்றார்.

மறுநாள் மதியத்துக்குமேல் ஊர் தெரிந்தது. ஊருக்கு முன்னால் ஆற்றைத் தாண்டியதும் ஒரு மேடு உண்டு, செங்குத்தான மேடு. தொக்தோசுன் இறங்கிக் கடிவாளத்தை வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். புருலை வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். முதல் வளைவில் நிற்பார் என்று தானும் நின்றாள். அவர் நிற்கவில்லை. மெதுவாகத்தான் நடந்தார், ஆனாலும் நடந்துகொண்டேயிருந்தார். அவள்தான் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.

மேட்டின் உச்சியில் அவர் காத்திருந்தார். வாய் மூடியிருந்தது. குதிரைக்கு நிஜமாகவே வேர்த்திருந்தது.

"குதிரைக்குக் கொணமாயிடுச்சு போல" என்றாள் புருலை, ஊரைப் பார்த்தபடி.

அவர் குதிரையின் கழுத்தைத் தடவினார். மேலே, தாங்கள் வந்த திசையில், பனி இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. அடுத்த வாரம் மந்தை அதன் அடிவாரத்துக்குப் போய்விடும்.

"இனிமே அத மேல கூட்டிட்டுப் போகக் கூடாதாம்" என்றார்.

"சொன்னாங்க" என்றாள் அவள்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். இந்தத் தடவை குதிரைக்காக என்று சொல்லவில்லை.