பதினேழாம் இலக்க விண்ணப்பம்

அக்காவின் விண்ணப்பம் தொலைந்ததற்கு ஊரில் எல்லாரும் கல்வித் திணைக்களத்தைத்தான் திட்டுகிறார்கள். நானும் சேர்ந்து தலையாட்டுகிறேன். திட்டு வாங்கவேண்டியவன் உங்களுக்கு முன்னால் இருந்து தேத்தண்ணி குடிக்கிறான் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அக்காவின் பெயர் நிலாந்தி. அம்மாவும் அப்பாவும் போனபிறகு ஊர்காவற்றுறை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலை ஆறரைக்கு இறங்கி, படகேறி அனலைதீவுக்குப் போய், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். பதினொரு வருடமாகத் தொண்டர் ஆசிரியை. தொண்டர் என்றால், வேலை இருக்கும், நியமனம் இருக்காது. சோளகக் காற்றில் படகு தூக்கிப் போட, சத்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்து வகுப்புக்குள் போய் வெண்கட்டி பிடித்தவள். இந்த வருடம் தொண்டர்களை நிரந்தரமாக்கப் போட்டிப் பரீட்சை ஒன்று அறிவித்தார்கள். வயதெல்லை நாற்பது. ஆவணியோடு அக்கா அதைத் தாண்டிவிடுவாள். இனி ஒரு பரீட்சை வந்தாலும் அது அவளுக்கில்லை.

அதற்கு விண்ணப்பிக்கும் இணையத்தளத்தைச் செய்தது கொழும்பில் இருக்கிற என்னுடைய கம்பனி. நான் வீட்டிலிருந்தபடி அதன் தமிழ்ப் பக்கங்களைப் பார்க்கிறவன். தளம் திறந்து ஆட்கள் விண்ணப்பிக்கத் தொடங்கிய பிறகு முறைப்பாடு வந்தது: பழைய போன்களில் கடைசிப் பொத்தான் தெரியவில்லையாம். என்னுடைய போன் புதிது, அதில் எல்லாம் வடிவாகத் தெரிந்தது. வீட்டில் பழைய போன் வைத்திருந்தவள் அக்காதான்.

"ஒருக்கால் தாங்கோ அக்கா, அஞ்சு நிமிசம்," என்று வாங்கினேன்.

நான் செய்தது இவ்வளவுதான். எங்கள் வீட்டு வைஃபையில் அந்தப் போன் கேட்பதெல்லாம் முதலில் என் லப்டொப்புக்கு வரும்படி புரொக்சி போட்டேன். வேறு தளங்களைக் கேட்டால் லப்டொப் வெளியே விட்டுவிடும். விண்ணப்பத் தளத்தைக் கேட்டால் மட்டும் வெளியே விடாமல், தன்னிடமிருக்கும் நகலைக் காட்டும். அந்த நகலில்தான் நான் திருத்தங்களைச் செய்துகொண்டிருந்தேன். மேலே தெரிவது உண்மையான முகவரி. பூட்டுப் படமும் இருக்கும். போன் சந்தேகப்படாமல் இருக்க என்னுடைய சான்றிதழ் ஒன்றையும் அதற்குள் ஏற்றினேன். எது நகல், எது அசல் என்று எனக்கே தலை சுற்றியதால், நகலின் உச்சியில் சிவப்பாக ஒரு பட்டை வைத்து, பெரிய எழுத்தில் 'சோதனை' என்று போட்டேன். அதைப் பெரிய கெட்டித்தனம் என்று நினைத்தேன்.

வேலை முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தேன். புரொக்சியை எடுக்க மறந்துபோனேன். மறந்தது தெரிய வழியும் இல்லை. லப்டொப்பை நான் நிற்பாட்டுவதே இல்லை, அதனால் அக்காவுக்கு வட்சப்பும் சமையல் வீடியோவும் ஒரு குறையுமில்லாமல் வந்தன.

விண்ணப்பத்தை நிரப்பித் தரச்சொல்லி அவள் என்னிடம் நாலு முறை கேட்டாள். நாலு முறையும் "பிறகு பாப்பம்" என்றேன். மாகாணம் முழுக்க விண்ணப்பிக்கிற தளத்துக்குப் பொத்தான் பூட்டுகிறவனுக்குச் சொந்த அக்காவின் படிவத்துக்கு நேரமில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே விறாந்தையில் இருந்து, அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி அனுப்பினாள்.

"தம்பி, நானே போட்டிட்டன்!"

காதில் மாட்டியிருந்ததை ஒரு பக்கம் மட்டும் தூக்கி, "கெட்டிக்காரி" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை.

வைகாசிக் கடைசியில் அனுமதி அட்டைகள் வந்தன. அவளோடு படிப்பிக்கிற பவதாரணிக்கு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். விண்ணப்ப இலக்கத்தைக் கேட்டேன்.

"பதினேழு," என்றாள்.

"முழுசாச் சொல்லுங்கோ அக்கா."

"முழுசாத்தான் சொல்லுறன். பதினேழு. பவதாரணிக்கு நாலாயிரத்துச் சொச்சம். நான் அவவுக்கு முந்திப் போட்டிட்டன் எண்டு சந்தோசத்திலை இருந்தனான். போனுக்கு மெசேஜ் வரும் எண்டு கிடந்தது, வரேல்லை. தீவிலை கவரேஜ் இல்லைத்தானே எண்டு விட்டிட்டன்."

என் நகல்தான் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். போனை வாங்கினேன். கவனமாக ஸ்கிறீன்சொட் எடுத்து வைத்திருந்தாள். அதில் என்னுடைய சிவப்புப் பட்டை இருந்தது.

"மேலை சோதனை எண்டு கிடக்கே அக்கா. பாக்கேல்லையோ?"

"பாத்தனான். சோதினைக்குத்தானே போட்டனான்?"

எங்கள் பக்கத்தில் பரீட்சை என்று வாயால் சொல்கிறவர்கள் யார்? ஓ.எல். சோதினை, ஏ.எல். சோதினை, ஸ்கொலசிப் சோதினை. எழுதினால் சோதனை. நானும் அப்படிச் சொல்லி வளர்ந்தவன்தான். பதினொரு வருடமாகப் பிள்ளைகளைச் சோதினைக்கு ஆயத்தப்படுத்துகிறவள், படிவத்தின் உச்சியில் அந்தச் சொல்லைப் பெரிதாகக் கண்டால் பயப்படுவாளா? சரியான இடத்துக்கு வந்துவிட்டேன் என்று நிம்மதிப்பட்டிருப்பாள். கம்பனிக்காரரின் தமிழிலேயே யோசித்து யோசித்து, என் வீட்டுத் தமிழ் எனக்கு மறந்துபோயிருந்தது.

இன்னும் இருக்கிறது. நகலில் சேர்ந்த பதிவுகளை நான் வெள்ளிக்கிழமைதோறும் அழிப்பேன். அழிக்கமுன் பட்டியலை ஒருமுறை பார்ப்பேன். அக்கா விண்ணப்பித்த அந்தக் கிழமை 'சிவகுரு நிலாந்தி' என்ற பெயர் ஆறு இடத்தில் இருந்தது. ஐந்து நான் போட்டவை. படிவம் வேலைசெய்கிறதா என்று பார்ப்பதற்கு ஏதாவது ஒரு பெயர் வேண்டியிருந்தால் அவளுடைய பெயரைத்தான் தட்டுவேன், மற்றதெல்லாம் வாய்க்கு வந்தது. ஆறாவதில் சரியான பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் பதினொரு வருடச் சேவையும் இருந்திருக்கும். எல்லாம் நான் போட்டவைதான் என்று நினைத்துத் திறந்து பார்க்கவில்லை. ஆறையும் சேர்த்து அழித்தேன்.

எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். அவள் குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு நின்று கேட்டாள்.

"அப்ப அது இந்த வீட்டை விட்டே வெளியாலை போகேல்லையோ?"

"இல்லை அக்கா."

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். உள்ளே போய் உலையை இறக்கி வைத்தாள்.

திங்கட்கிழமை திணைக்களத்துக்குப் போன் எடுத்தேன். ஒரு உத்தியோகத்தர், நல்ல மனிசன், முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "திகதி முடிஞ்சுதே தம்பி. ஆனா தளம் செய்த ஆக்களின்ரை பிழையெண்டால், கம்பனி நடந்ததை எழுதிப் பொறுப்பெடுத்துக் கடிதம் தரவேணும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு முந்தித் தாங்கோ. கூட்டத்திலை வைச்சுப் பாக்கலாம். அனுமதி தருவினம் எண்டு நான் சொல்ல ஏலாது."

அன்றைக்கே கம்பனிக்குக் கடிதம் எழுதினேன். திறந்திருக்கும் தளத்தின் முகவரியை ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டுப் போன் ஒன்றில் என் லப்டொப்புக்குத் திருப்பியது, உண்மையான ஒருவரின் விபரம் அதில் வந்து விழுந்தது, அதைப் பார்க்காமல் அழித்தது. எழுதி வாசித்தபோது, என்னை வேலையிலிருந்து தூக்க இதைவிடத் திறமான கடிதத்தை என் எதிரியாலும் எழுத முடியாது என்று தெரிந்தது. மேலாளர் பிரவீனன் நேர்மையானவர். அக்காவுக்கான கடிதத்தில் கையெழுத்து வைப்பார், பிறகு என்னை நிற்பாட்டுகிற கடிதத்திலும் வைப்பார்.

அக்கா பின்னால் நின்று வாசித்திருக்கிறாள்.

"இதை அனுப்பினா உன்ரை வேலை?"

நான் கடிதத்தில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன்.

"கேக்கிறன் சொல்லு."

"போகும். வேறை இடத்திலையும் எடுக்கமாட்டினம்."

"அப்ப வேண்டாம். எனக்குக் கிடைக்கிறது ஒரு நிச்சயமில்லை, உனக்குப் போறது நிச்சயம். வீட்டிலை ஒராளெண்டாலும் உழைக்கவேணும்."

"இல்லை அக்கா, அனுப்புவம்."

"வேண்டாம் எண்டனான்."

அதற்கு மேல் நான் ஒருமுறையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் வேண்டாம் என்று சொன்னபோது எனக்கு வந்தது ஆறுதல். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அன்றிரவு நான் நன்றாகச் சாப்பிட்டேன்.

செவ்வாயும் புதனும் வியாழனும் அவள் ஒன்றும் கதைக்கவில்லை. வழமைபோலப் படகுக்குப் போனாள், வந்தாள், கொப்பி திருத்தினாள். நானும் அந்தக் கதையை எடுக்கவில்லை. தீர்ந்துபோன விசயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கடல் கொந்தளிப்பு, படகு பிந்தித்தான் வந்தது. அவள் படலையைத் திறக்கும்போது ஐந்து மணி. சேலைக் கரை முழங்கால் வரை நனைந்திருந்தது. வாசலில் நின்றபடியே, மூச்சு வாங்க, என்னைப் பார்த்து,

"அனுப்பினியோ?" என்று கேட்டாள்.

நாலு நாளும் அவள் அதை நம்பிக்கொண்டு கடல் கடந்திருக்கிறாள். தான் வேண்டாம் என்று சொன்னாலும் தம்பி அனுப்பிவிடுவான் என்று.

"இல்லை," என்றேன்.

"ஓம், ஓம். நான்தானே வேண்டாம் எண்டனான்," என்று சொல்லிக் குனிந்து செருப்பைக் கழற்றினாள். நிமிர அவளுக்குக் கனநேரம் எடுத்தது.