மூன்றாவது ஸ்லைடில் தவளை

"என் ஸ்லைடுல தவளையை விட்டது யாருடி?"

"கத்தாதீங்க அண்ணி. அது வெறும் தவளை இல்ல, தவளையோட வாழ்க்கைச் சுழற்சி!"

"என் வாழ்க்கையே சுத்திப்போய் நிக்குது, இவ சுழற்சிங்கறா!"

மருமகள் தோள்பையைக்கூட இறக்கவில்லை. வாசற்கதவும் திறந்தே கிடந்தது. தெருவில் பாதிப் பேருக்குக் கதை அத்துப்படியானது அப்படித்தான்.

அவள் ஒரு பம்பு கம்பெனியில் ஸ்லைடு செய்கிறவள். எழுத்து பறந்து வரும், படம் உருளும், விற்பனை வரைபடத்தின் கம்பங்கள் ஒவ்வொன்றாய் முளைக்கும். எல்லாம் இணையத்திலேயே செய்வது. மாற்றியது மாற்றியபடி தானாகவே சேமித்துக்கொள்ளும். வீட்டில் நாலு பேருக்கும் அவளுடைய அந்த ஒரே கணக்குதான். "இன்னொண்ணு எதுக்கு? உன் பாஸ்வேர்டு எங்களுக்குத் தெரியாததா?" என்றிருந்தான் கணவன். ஆபீசில் நாள்முழுக்க அம்புக்குறியை நகர்த்திவிட்டு வந்தால், மாமியார் நாற்காலி போட்டுக் காத்திருப்பார். மாதர் சங்க ஆண்டுவிழாப் படங்கள். "அந்தப் பூவைக் கொஞ்சம் மெதுவா விழ வைம்மா."

வெளியூர்க் கிளைக்குக் கம்பெனி ஒரு தலைமை வடிவமைப்பாளரைத் தேடியது. வேலையோடு வீடும் உண்டு. தனிக்குடித்தனம்! கணவனும் ஒருவழியாய்ச் சரி என்றிருந்தான். அதற்காகத்தான் அன்று காலை மேனேஜர்கள் முன்னால் போய் நின்றாள்.

முதல் இரண்டு ஸ்லைடும் ஒழுங்காய் வந்தன. மூன்றாவதில், கம்பங்கள் முளைக்க வேண்டிய இடத்தில் முட்டை. முட்டையிலிருந்து தலைப்பிரட்டை. கம்பங்களுக்கு அவள் போட்டிருந்த அதே நளினத்தோடு தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்தது. வீட்டில் நாத்தனார் அதே ஸ்லைடுகளில் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருந்தாள், இன்னும் முடித்தபாடில்லை. மறுநாள் ஒரு பள்ளியில் வேலைக்கான மாதிரி வகுப்பை அவள் எடுக்க வேண்டும். எல்லார் கண்ணெதிரிலும் இன்னொரு தவளை வந்து உட்கார்ந்தது, கொஞ்சம் பெருத்தது, இடப்பக்கமாய் நகர்ந்தது.

"பம்பு இருக்கிற இடம்தானே, வரட்டும்" என்றார் ஒரு மேனேஜர்.

பழைய பதிப்பைத் திரும்ப எடுக்கலாம். ஊருக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தவள்தான். அன்று பார்த்து அந்தப் பொத்தான் கண்ணில் படவில்லை. பட்டபோது அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். சாயங்காலம் வேலையும் அந்த ஆளுக்கே என்றார்கள்.

"காப்பி எடுத்துட்டு மாத்தணும்னு தெரியாதாடி?"

"இதையே மாத்திக்கவான்னு நேத்து கேட்டேனே அண்ணி! ம்னு சொன்னீங்க."

"எப்போ?"

"அம்மாவோட பூவை விழ வெச்சுட்டிருந்தப்போ. கண்ணு என்னவோ மூடித்தான் இருந்துச்சு. ஆனா ம் சொன்னீங்க."

சொல்லியிருப்பாள். அந்த வீட்டில் யார் எது கேட்டாலும் ம் சொல்லிச் சொல்லியே பழகிய வாய். கோபம் வடிந்த இடத்தில் கால்வலி மட்டும் மிஞ்சியது. உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். தவளைகளைத் தனியே எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினாள். பாவம், அவளுக்கும் வேலை வேண்டுமே. பிறகு பாஸ்வேர்டை மாற்றினாள்.

அசல் ரகளை அதற்குப் பிறகுதான்.

"ஏம்மா, என் பூவெல்லாம் பாதி வானத்துல நிக்குதே!"

"நிக்கட்டும் அத்தை."

"புதுப் பாஸ்வேர்டு என்ன?" என்றான் கணவன்.

"மறந்துடுச்சு."

"இப்பத்தானே போட்டே?"

"களைப்பா இருக்குங்க. நாளைக்கும் மறந்துதான் இருக்கும்."

மறந்தே இருந்தது. மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார், கணவன் இரண்டு வாரம் பேசவில்லை. அவளுக்கு அது ஓய்வாகத்தான் இருந்தது.

நாத்தனாருக்குப் பள்ளி வேலை கிடைத்தது. அங்கேயே கம்ப்யூட்டர் வாத்தியாரைக் கட்டிக்கொண்டு, அவருக்கு மாற்றலான ஊருக்குப் போய்விட்டாள். மாமியாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு மகளோடு கிளம்பினார். மாப்பிள்ளை தங்கமானவராம், எத்தனை பூ சொன்னாலும் முகம் சுளிக்காமல் விழ வைக்கிறாராம். இங்கே அதே வீட்டில் இப்போது மருமகளும் கணவனும் மட்டும்தான்.