ஸக்கியா ராத்தாவின் சாப்பாட்டு மேசை

அஜித்தா டீச்சர் இருந்த ஒழுங்கையில் பதினொரு வீடுகள். ஆள் குடியிருந்தவை நாலுதான். மற்ற வீட்டுக்காரர்கள் இத்தாலியிலும் கட்டாரிலும் கொழும்பிலுமாகச் சிதறிப் போயிருந்தார்கள். ஒழுங்கையின் ஒரு முனையில் கற்பிட்டி பஸ் ஓடும் வீதி, மறுமுனையில் கடல். காலையில் பாண் விற்கும் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒருமுறை வந்து போகும். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரைக்கும் காற்றுத்தான்.

டீச்சருக்கு ஐம்பத்தாறு வயது. கோயிலடி நேசரியில் சின்னப் பிள்ளைகளுக்கு இருபத்தொன்பது வருடம் படிப்பித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பாரிசவாதத்தில் விழுந்த தகப்பனைப் பார்த்துக்கொண்டே காலம் போய்விட்டது. அவர் இறந்த அதே வருடம் சேர்க்கப் பிள்ளைகள் இல்லையென்று நேசரியையும் மூடினார்கள்.

எதிர்வீடு ஸக்கியா ராத்தாவுடையது. ராத்தா இவளைவிடப் பத்து வயது மூத்தவர், விதவை. மகன் அஃப்ராஸ் மெல்பேர்னில் இருந்தான். இருபத்துநாலு வருடமாகப் பின்னேரம் மூன்று மணிக்கு டீச்சர் ஒழுங்கையைக் கடந்து போய் அந்தச் சாப்பாட்டு மேசையில் உட்காருவாள். இரண்டு பேரும் பிளேன்டீ குடிப்பார்கள். பெரிய கதை ஒன்றும் இராது. யாருக்கு என்ன வருத்தம், கிணற்றுத் தண்ணீர் உவர்த்துவிட்டதா, மீன்காரன் என்ன கொண்டுவந்தான், அவ்வளவுதான்.

போன வருடம் ஜூனில் அஃப்ராஸ் வந்து தாயைக் கூட்டிக்கொண்டு போனான். மூன்று மாதம் நின்றுவிட்டு வருவார் என்று ஒழுங்கை முழுக்கச் சொன்னார்கள். பயணம் போகிற அன்று டீச்சர் காலையிலேயே குளித்து, சேலை மாற்றிக்கொண்டு காத்திருந்தாள். வேன் வந்தது. பெட்டிகள் ஏறின. ராத்தா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஏறினார், இந்தப் பக்கம் திரும்பவில்லை. வேன் போன பிறகு ராத்தாவின் தம்பி மகன் முபாரிஸ் வந்து வீட்டுத் திறப்பைக் கொடுத்தான்.

“வெள்ளிக்கு வெள்ளி யன்னலத் தொறந்து காத்து உடச் செல்லி மாமி சென்னா, டீச்சர்.”

டீச்சர் வாங்கிக்கொண்டாள். வேறு ஏதும் சொன்னாரா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

மூன்று மாதம் ஆறாகி, புது வருடமும் பிறந்தது. ராத்தா தொலைபேசியில் அழைக்கவில்லை, சொல்லாமல் போனவரைத் தானாக அழைக்க டீச்சருக்கும் மனம் வரவில்லை. டீச்சர் ஒரு வெள்ளியும் தவறவிடவில்லை. யன்னல்களைத் திறப்பாள், காற்றோடு வந்து படிந்த மணலைக் கூட்டி அள்ளுவாள், பூட்டிக்கொண்டு வருவாள். ஒருநாள் கடையில் பருப்புக் கேட்க வாய் திறந்தபோது குரல் வரவில்லை. கனைத்துவிட்டு மறுபடி கேட்டபோது யாரோ கிழவி பேசுவதுபோல் இருந்தது. கணக்குப் பார்த்தால் அவள் வாய் திறந்து நாலு நாளாகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் பயம் பிடித்தது.

அன்றிலிருந்து அவள் நாள்தோறும் மூன்று மணிக்கு எதிர்வீட்டுக்குப் போகத் தொடங்கினாள். சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோவாள். தன் வழக்கமான கதிரையில் உட்கார்ந்து, ராத்தாவின் கதிரையைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்துவிட்டுப் பேசுவாள். முதலில் குரலுக்காகத்தான் பேசினாள். பிறகு பேசுவதற்கே போனாள். தன் வீட்டில் இருந்து தனியே பேசினால் அது பைத்தியம் மாதிரி இருந்தது. இங்கே அப்படித் தோன்றவில்லை.

ஒழுங்கை முகப்பு வீட்டில் கள்ளன் புகுந்த பிறகு, நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு, முபாரிஸ் வந்து ராத்தா வீட்டில் என்னென்னவோ பொருத்தினான். கேற்றில் வைத்தது கெமரா என்று டீச்சருக்குத் தெரியும். உள்ளே அலுமாரிக்கு மேல் வைத்த வெள்ளை உருண்டையை இன்டர்நெட்டுக்கான சாமான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஓகஸ்ட் மாதம் தலவில தேவாலயத் திருவிழாவுக்கு டீச்சர் தனியாகப் போய்வந்தாள். அவ்வளவு சனத்துக்குள்ளும் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு மேசையில் உட்கார்ந்தவள் தேத்தண்ணியைத் தொடவில்லை.

“ராத்தா, நீங்க சொல்லாமப் போனது எனக்கு இன்னும் ஆறேல்ல,” என்றாள். “அண்டைக்கு நான் சேலை உடுத்திக்கொண்டு நிண்டனான். நாலு அடி நடந்து வந்து போயிட்டு வாறன் எண்டு சொல்ல உங்களுக்கு மனம் வரேல்ல. இருபத்துநாலு வருசம். நான் ஆரோ ஒரு ஆளா உங்களுக்கு?”

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தகப்பனின் அடக்கத்துக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை.

“டீச்சர்,” என்றது ஒரு குரல். “அழாதீங்க டீச்சர்.”

கோப்பை சரிந்து தேத்தண்ணி மேசையில் ஓடியது. டீச்சர் எழும்பிச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“நான்தான், ஸக்கியா. மேல பாருங்க, அலுமாரிக்கு மேல, அதும் கெமராதான். பேரப்புள்ள காட்டித் தந்த பட்டன அமத்தினன்.”

டீச்சர் வெளியே ஓடிவந்துவிட்டாள். கதவையும் பூட்டவில்லை. தன் வீட்டுக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தபோது முகம் நெருப்பாகக் கொதித்தது. ஐந்து மாதமாக இந்த வெட்கக்கேட்டை மெல்பேர்னில் ஒரு வீடு முழுக்க உட்கார்ந்து பார்த்துச் சிரித்திருக்கும் என்று நினைத்தாள். கைத்தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை.

ஆனால் திறந்து கிடந்தது அடுத்தவர் வீட்டுக் கதவு. அதை அப்படியே விட அவளுக்கு மனம் கேட்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி போனாள். மேசையைத் துடைத்தாள். கோப்பையைக் கழுவி வைத்தாள். பிறகு அலுமாரிக்கு முன்னால் போய், நேசரியில் அதிபர் முன்னால் நிற்பதுபோல் நின்றாள்.

“எல்லாத்தையும் கேட்டீங்களா?”

“கேட்டன்.”

“மகன், மருமகள்?”

“அவங்களுக்குத் தெரியா. இங்க அந்த நேரம் ராவு, இஷா தொழுதுட்டு நான் ரூமுக்குள்ள வந்துடுவன். அவங்க டீவி பாப்பாங்க. நான் போனத் தொறந்து ஊட்டப் பாப்பன். பாத்தா நீங்க இருப்பீங்க.”

“ஏன் ராத்தா ஒரு சொல்லுச் சொல்லேல்ல?”

“செல்லியிருந்தா நீங்க வாறத உட்டுடுவீங்க. அந்தப் பயத்துலதான்.” ராத்தாவின் குரல் விட்டுவிட்டு வந்தது. “எனக்கும் இங்க கதைக்க ஆள் இல்ல டீச்சர். எல்லாரும் நல்லாத்தான் பாக்கிறாங்க. கதைக்கத்தான் ஆள் இல்ல.”

டீச்சர் துடைத்த மேசையை இன்னொருமுறை துடைத்தாள்.

“அண்டைக்கு நான் வராத காரணம் செல்லவா? மூணு மாசத்துல வருவன் எண்டு எல்லாருக்கும் பொய் செல்லிட்டுத்தான் வேன்ல ஏறின. இனி வரமாட்டன் எண்டு எனக்குத் தெரியும். மகன் எல்லாம் முடிவு செஞ்சிட்டுத்தான் வந்தான். மத்தவங்களுக்குச் செல்லிட்டன். உங்கட மொகத்தப் பாத்து அந்தப் பொய்யச் செல்ல ஏலாமப் போச்சி.”

“பதினாலு மாசம்,” என்றாள் டீச்சர். “பதினாலு மாசமா நீங்க வருவீங்க எண்டுதான் யன்னல் திறந்தனான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் பாத்துக்கொண்டு இருந்தீங்க.”

ராத்தா மற்றதையும் சொன்னார். அடுத்த மாதம் முதலாம் திகதியிலிருந்து வீட்டை விடுதி நடத்துகிற ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுக்கப் போகிறார்கள். கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்கள். திறப்பை முபாரிஸிடம் கொடுத்துவிட வேண்டும்.

டீச்சர் யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள். கதவைப் பூட்டிக்கொண்டு போனாள்.

நாலு நாள் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் மூன்று மணிக்குக் கால் தானாகப் போயிற்று. தலை சீவி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு போனாள். உருண்டையைப் பார்த்து, “இருக்கிறீங்களா?” என்றாள்.

“ஈக்கிறேன்,” என்றார் ராத்தா, உடனேயே.

ஆனால் பழைய மாதிரிப் பேச்சு வரவில்லை. கேட்கிற ஆள் உண்மையாகவே இருக்கிறார் என்று தெரிந்ததும், எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்று மனது பிரித்துப் பார்க்கத் தொடங்கியது. தன் நெஞ்சு இடிப்பதைப் பற்றி இந்த மேசையில் எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறாள். இப்போது, “நான் நல்ல சுகம்,” என்றாள். ராத்தாவும் தான் நல்ல சுகம் என்றார். இரண்டு பேருக்கும் மற்றவர் சொல்வது பொய்யென்று தெரிந்திருந்தது.

மாதக் கடைசியில் முபாரிஸ் ஏணியோடு வந்தான். உருண்டையைக் கழற்றுவதற்கு முன் ராத்தா அதில் கடைசியாகப் பேசினார்.

“அந்த மேசைய நீங்க எடுத்துக்கோங்க டீச்சர். மகன்ட செல்லிட்டன்.”

டீச்சர் மேசையைப் பார்த்தாள். ஆறு பேர் இருந்து சாப்பிடுகிற தேக்குமர மேசை.

“என்ர வாசலுக்குள்ளால இது போகாது ராத்தா,” என்றாள்.

“கதிரையாவது?”

“வேண்டாம். அது இதோடயே இருக்கட்டும்.”

முபாரிஸ் வயரை இழுத்தான். டீச்சர் திறப்பை அவன் கையில் வைத்துவிட்டு ஒழுங்கையைக் கடந்தாள்.

ஒரு கிழமைக்குள் எதிர்வீட்டுக்கு நீலப் பெயின்ற் அடித்தார்கள். மதிலில் ஈர உடுப்புகள் தொங்கின. வெறுங்காலோடு போகிற வெள்ளைக்காரப் பெண்கள் டீச்சரைக் கண்டால் கையசைப்பார்கள். அவளும் கையசைப்பாள்.

ராத்தாவும் அவளும் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசிப் பார்த்தார்கள். முதல் வாரம் நாள்தோறும், பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள். சுகம் விசாரித்து முடிந்ததும் இரண்டு முகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். வைக்கவும் மனமில்லை, பேசவும் ஒன்றுமில்லை.

ஒக்டோபரில் ஒருநாள் அழைப்பு வந்தபோது டீச்சர் குசினியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். போனை ஒரு தகரப் பேணியில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். அந்தப் பக்கம் ராத்தா கட்டிலில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளின் உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார். ஒருவர் மற்றவரைப் பார்க்கவில்லை. கால் மணித்தியாலம் அப்படியே போனது.

“காம்பெல்லாம் எடுக்கிறீங்களா?” என்றார் ராத்தா.

“இளசுதானே. கொஞ்சம் விட்டாலும் பறவாயில்ல.”

“ம்.”

டீச்சர் கீரையைக் கழுவி வடியவிட்டாள். வெங்காயம் உரித்தாள். பச்சைமிளகாயை அரிந்துகொண்டே, ராத்திரி நெஞ்சு இடித்ததையும் எழும்பி உட்கார்ந்திருந்ததையும் மெல்லச் சொல்லத் தொடங்கினாள். சொல்லச் சொல்ல நெஞ்சு இலேசானது. சொல்லி முடித்து நிமிர்ந்தபோது திரை கறுத்துக் கிடந்தது. இணைப்பு எப்போது அறுந்ததென்று தெரியவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு ராத்தாவுக்குத் திருப்பி அழைப்பெடுத்தாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.